லாரியில் வந்த பணம்

சிவகாசி
14.11.2008

அன்புள்ள சுகிர்தா அக்காவுக்கு,

போனில் என்றால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். தொந்தரவாக இருந்தால் மன்னியுங்கள். சென்னையில் மழை என்று செய்தியில் பார்த்தேன். இங்கே தூறல்தான். ஆனாலும் அம்மா பட்டாசுக்கு உருட்டிய காகிதக் குழாய்கள் இன்னும் காயவில்லை.

நீங்கள் சொல்லித்தான் உங்கள் மாமா என்னைத் தன் பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் சேர்த்துக்கொண்டார். பேங்க் கடிதங்களில் நானே கையெழுத்துப் போடலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்த சீசனில் நாக்பூர் வியாபாரி ஒருவர் ஸ்டாண்ட்பை லெட்டர் ஆஃப் கிரெடிட் கொடுத்திருந்தார். அவர் சரக்குக்குப் பணம் தராவிட்டால் அவருடைய பேங்க் தரும். இரண்டு பக்கமும் இந்தியாவில் இருக்கும்போது இதற்கு எந்தச் சட்டம் என்று முதலாளி கேட்டார். தேடிப் படித்தேன். அந்த லெட்டரில் சொல்லியிருக்கும் பன்னாட்டு விதிகள், அதில் எழுதியிருப்பதால்தான் செல்லும். அடியில் இருப்பது நம் ஒப்பந்தச் சட்டம். பணம் வரவில்லை என்று நாம் எழுதிக் கொடுத்தால் பேங்க் விசாரிக்காது. பெரிய மோசடி என்று காட்டினால்தான் கோர்ட் தடுக்கும். இதை அப்படியே சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

ஆனால் நாக்பூர்க்காரர் பணம் கொடுத்துவிட்டார், அக்கா. வழக்கம்போல லாரி டிரைவர் உக்கிரபாண்டியிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பினார். "எண்ணிக்கோங்க தாயி, பெறவு என்னையச் சொல்லக்கூடாது" என்று அவர் பையை மேசையில் வைத்தார். நான்தான் எண்ணினேன். இந்தப் பணத்துக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

அப்படியும் பணம் வரவில்லை என்று பேங்க்குக்கு எழுதச் சொன்னார் முதலாளி. வந்துவிட்டதே என்று ஞாபகப்படுத்தினேன். "பேங்க்காரன் பேப்பரத்தான் பாப்பான், லாரியையா பாப்பான்? படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா? டைப் அடிச்சுக் கையெழுத்தப் போடும்மா" என்று சிரித்தார். அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. வெம்பக்கோட்டையில் அவருடைய ஷெட் எரிந்ததிலிருந்து அங்கே லைசென்ஸ் இல்லை. அதில் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு பேருக்கும் அவர்தான் செலவு செய்கிறார்.

டைப் அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டு, வேலையை விட்டு வந்துவிடுவேன். நீங்கள் வாங்கித் தந்த வேலை. அதற்காக என் மேல் வருத்தப்படாதீர்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றீர்களே, தேவலையா? எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா முதலாளியின் இன்னொரு யூனிட்டில்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினாலும் சரிதான். அம்மாவை நிறுத்திவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வீர்களா?

அன்புடன்,
வள்ளித்தாய் மகள் செல்வலட்சுமி