ரெனாவின் அம்மா

இன்று காலை எட்டாம் புத்தகத்தின் முதுகு உடைந்தது. மேசையில் விரித்து வைத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். நடுப்பகுதிக்கு வந்தபோது பழைய பசை படக்கென்று விட்டது. ஐந்தாறு தாள்கள் மடியில் விழுந்தன. கடற்காற்றில் ஊறிய தாளின் மணமும், நீங்கள் அலுமாரித் தட்டில் பரப்பிவிட்ட வேப்பிலைச் சருகின் மணமும் ஒன்றாக எழுந்து வந்தன. நீங்கள் வீட்டுக்குள் நடமாடிய நாட்களில் இந்த மணத்தை நான் கவனித்ததே இல்லை.

"பரவாயில்லை, ஒட்டலாம்" என்று சொல்லியிருப்பீர்கள். எதற்கும் அதைத்தானே சொல்வீர்கள்.

புத்தகத்தில் தாள்கள் குறைகின்றனவா என்று பார்க்கத்தான் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. நான் தேடிய ஆள் மட்டும் அதில் இல்லை. எட்டுப் புத்தகங்களிலும் இல்லை. அதைப் பற்றி உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது.

தர்ஷிக்கு அப்போது பதினான்கு வயது. கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் ஐந்தரைக்கு தொலைக்காட்சியின் ஆங்கில அலைவரிசையில் ஒரு தொடர் போகும். ஏதோவொரு தொலைதூரக் கிரகத்தின் சந்திரனில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். ஒருநாள் விடிய ஆசிரியர்கள் எல்லோரும் காணாமல் போய்விடுகிறார்கள். மிஞ்சிய ஐந்து பிள்ளைகளும் அந்த இடத்தைத் தாங்களே நடத்துகிறார்கள். அவர்களில் ரெனா என்றொருத்தி, யார் சொல்லும் கேளாதவள். எங்கள் மகளுக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. அதில் எனக்கு வியப்பில்லை.

அந்த நேரத்தில் நான் சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடிப்பேன். அந்தப் பிள்ளைகள் சொற்களை வாய்க்குள் மென்று கதைக்கும் ஆங்கிலம் எனக்கு ஆகாது. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் காதில் விழும்படி பழக்கியிருந்தார்கள். நீங்கள் வேலையால் வந்து, காற்சட்டையை மாற்றிச் சாரம் கட்டிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். சாவகச்சேரியில் தமிழில் படித்து நில அளவையாளராக வந்த உங்களுக்கு அதில் அரைவாசி விளங்காது. அவள் சிரித்தால் நீங்கள் ஒரு கணம் பிந்திச் சிரிப்பீர்கள்.

ஒருநாள் கிரகத்துக்கான ஆங்கிலச் சொல்லைப் 'பிளனற்' என்று பிழையாக உச்சரித்தீர்கள். பிள்ளைக்கு முன்னால் உங்களை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அம்பாறையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினீர்கள். நான் அதைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் தமிழில். நான் விளையாட்டாகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அந்தத் தொடரை வைத்து நாவல்கள் எழுதி விற்கிறார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் முதலாவதைக் கண்டுபிடித்து வந்தீர்கள். மட்டையில் ஐந்து பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கிரகம்.

"படத்தில விளங்காததை இதில மெல்ல மெல்லப் பாக்கலாம்" என்றீர்கள்.

"ஐம்பது வயசில வாசிக்கிற புத்தகமே இது?" என்று கேட்டேன்.

மறுநாள் அதற்குப் பழுப்புத் தாளில் உறை போட்டிருந்தது. வெட்கத்தில் போட்டீர்கள் என்று எண்ணினேன். வீட்டுக்கு யாரும் வந்தால் நான் அந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பதைக் கண்டுதான் போட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

தொடர் நடுவில் நின்றுபோனது. ரெனா பூட்டிய இரும்புக் கதவொன்றுக்கு முன்னால் நிற்கிறாள், அவ்வளவுதான். அடுத்த கிழமை அந்த நேரத்துக்கு வேறு நிகழ்ச்சி. தர்ஷி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் நாவல்கள் நிற்கவில்லை. கதவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று அவை சொல்லிக்கொண்டே போயின. நீங்கள் எட்டு வரைக்கும் தேடித் தேடி வாங்கினீர்கள். அவளும் வாசித்திருப்பாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

பிறகு அவள் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை எடுத்தாள். ஒருநாள் தொலைபேசியில், போன வெள்ளிக்கிழமை நுவனைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டதாகச் சொன்னாள். சிங்களப் பெடியன் என்பதற்காக எனக்குக் கோபமில்லை, எல்லாம் முடிந்த பிறகு சொன்னதற்குத்தான் கோபம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உங்களுக்கும் சொன்னேன்.

"ஓம், ஓம். நீர் சொன்னாச் சரி" என்றீர்கள்.

அந்த இரண்டாவது 'ஓம்' எதற்கு என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் உங்களோடு கதைப்பாள். மணி அடிக்க முன்னரே நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தொடக்கத்தில் அவள் என்னைக் கேட்டிருப்பாள். நீங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். வீட்டடியால் ரயில் போகும் நேரங்களைத் தவிர உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் கதவுக்கூடாகக் கேட்கும், சொற்கள் கேட்காது. ஒரு மணித்தியாலம் அப்படி என்ன கதை என்று கேட்டால், "ரெனாவின்ட கதைதான்" என்பீர்கள். வயதுபோன மனிதனும் கல்யாணமான மகளும் பிள்ளைகளின் புத்தகத்தைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். எரிச்சல் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

போன வருட மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நுவன் வெள்ளைச் சேட்டோடு, உங்கள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் வந்தவர்களுக்குக் கதிரை தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றான். நான் அவனோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியத் திரும்பிப் போனார்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு மணி அடிப்பது மட்டும் நிற்கவில்லை. எடுப்பதற்கு வீட்டில் நான் ஒருத்திதான். சாப்பிட்டீர்களா, மருந்துக் குளிசை போட்டீர்களா, மழை பெய்கிறதா. நானும் அதையே திருப்பிக் கேட்பேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வைத்த பிறகு கதிரையிலேயே இருப்பேன். நீங்கள் ஒரு மணித்தியாலம் நிரப்பிய இடத்தில் எனக்கு மூன்று நிமிடத்துக்குத்தான் கதை இருந்தது. மணி அடிப்பதும் ஒருநாள் நின்றுவிடும் என்ற பயம் வந்த பிறகுதான் அலுமாரியைத் திறந்து முதலாம் புத்தகத்தை எடுத்தேன். நீங்கள் இருவரும் எதைப் பற்றிக் கதைத்தீர்களோ அதை நானும் வாசித்துவிட்டால், கதைக்க ஏதும் கிடைக்கும் என்று எண்ணினேன்.

பென்சிலோடு வாசித்தேன். ரெனாவின் கண் இரண்டாம் புத்தகத்தில் மண்ணிறம், நாலாவதில் பச்சை. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. அதையெல்லாம் குறித்தேன். ஆனால் என்னுடைய பென்சிலுக்கு முதல் உங்களுடைய பென்சில் அங்கே போயிருந்தது. ஓரங்களில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சொற்களின் தமிழ்க் கருத்துகள். கடைசி வெற்றுத் தாளில் அந்தப் பள்ளிக்கூடத்தின் சுரங்க வழிகளைப் படமாகக் கீறி, கீழே 'அளவுத்திட்டப்படி அல்ல' என்று எழுதியிருந்தீர்கள். அகராதியிலும் அகப்படாத சொற்களுக்குக் கீழே கோடிட்டு, 'கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த இரண்டு சொற்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பக்கத்து அறையில்தான் நான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு, பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல வசனத்தை முதலே தயார் செய்து வைத்துக்கொண்டு, "ஆறாம் புத்தகத்தில ரெனாவை அப்பிடித் தனிய விட்டது பிழை" என்றேன்.



"அம்மா, நான் அந்தப் புத்தகம் ஒண்டும் வாசிக்கேல்லை."

"அப்ப அப்பாவோட என்ன கதைச்சனீ?"

"அப்பா சொல்லுவார், நான் கேப்பன். பிறகு நுவனுக்கு நான் சொல்லுறனான். ஒரு புத்தகம் முடிய ஒரு வருசம் எடுக்கும். ஏழாவதில பாதியில நிண்டுபோச்சு."

பத்திரிகையைக் கால் மணித்தியாலத்தில் வாசித்து முடிக்கிற மனிதர், நூற்றைம்பது பக்கப் புத்தகம் ஒன்றை ஒரு வருடமாகச் சொல்லியிருக்கிறீர்கள். முடிந்துவிடக் கூடாது என்றுதானே?

விட்ட இடத்திலிருந்து நான் தொடங்கினேன். புத்தகத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். "அம்மா, பாடம் எடுக்காதேங்கோ" என்றாள். கோபம் வந்தது. இருந்தும் அடுத்த கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். அன்றைக்கு இருபது நிமிடம் போனது. அதற்கடுத்த கிழமை நாற்பது. இடையில் ஒருநாள் கேட்டாள்:

"ரெனாட அம்மா எப்ப வாறா?"

அப்படி ஒருத்தியை நான் வாசித்த நினைவில்லை. இன்னும் அந்த இடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, வைத்த கையோடு முதலாம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ரெனா தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. போன ஞாயிறு, அப்பா அவவைப் பற்றி என்னவெல்லாம் சொன்னவர் என்று விசாரித்தேன்.

தர்ஷி சொன்னாள். அவ ஒரு விண்கப்பலுக்குத் தலைவி. நல்ல உயரம், நேரான நடை. மாலுமிகள் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைப்பாவாம். ரெனா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்று கோபம். ஆனாலும் ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தச் சந்திரனுக்கு வெளிக்கிடுவாவாம். பாதி வழியில் திரும்பிவிடுவாவாம்.

"ஏன் திரும்பிறா?"

"ஒருக்காப் புயல். ஒருக்கா அனுமதிக் கடிதம் சரியில்லை. இலங்கையில பெற்றோல் இல்லாத அந்த வருசம் முழுக்க அவ கியூவில நிண்டவ, அம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "வராமல் விடமாட்டா எண்டு மட்டும் அப்பா ஒவ்வொரு முறையும் சொல்லுவார்" என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் எட்டுப் புத்தகங்களையும் திரும்பவும் புரட்டினேன். எனக்கு விளங்காமலில்லை. இருந்தும் இன்று காலை பக்கங்களை எண்ணினேன். தாள் ஏதும் குறைந்திருந்தால் அந்தப் பெண் வேறு யாரோ ஒருத்தியாக இருந்திருப்பாளே.

மகளோடு கதையும் என்று நீங்கள் எனக்கு ஒரு தரமாவது சொன்னதில்லை. உங்களுக்கு இதில் அக்கறையில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன். கிழமைக்குக் கிழமை எனக்காகப் புதிது புதிதாகச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் குரலில் அந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது. தர்ஷி எவ்வளவு சொன்னாலும் அது கிடைக்கப்போவதில்லை.

இன்றைக்கு நாலு மணிக்கு அவள் எடுத்தபோது, குளிசையைப் பற்றிக் கேட்க முதலே சொல்லிவிட்டேன்:

"ரெனாட அம்மா வெளிக்கிட்டுட்டா."

"பாதி வழிக்கோ?"

"பாதியைத் தாண்டிட்டா. கதவடியில வந்து நிக்கிறா. உள்ள ரெனாவோட ஒரு பெடியனும் இருக்கிறான். அவனிட்ட என்ன கதைக்கிறதெண்டு அவவுக்குத் தெரியேல்லை."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டனீரோ எண்டு கேட்டாப் போதும், அம்மா."

"அப்ப அவரிட்டக் குடு."

எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடைக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா மகன் என்று நுவனைக் கேட்டேன். சாப்பிட்டேன், சோறும் பருப்பும், தர்ஷி உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டாள் என்று தமிழில் சொன்னான். எங்கே பழகினாய் என்று கேட்டேன். அப்பா தொலைபேசியில் கதை சொல்லும்போது பக்கத்தில் இருந்து கேட்டு, விளங்காததைத் தர்ஷியிடம் கேட்டுப் பழகினதாம். அவன் பேசுவதில் யாழ்ப்பாணத்துச் சாயல் இருக்கிறது. உங்களுடைய சாயல்.

தொலைபேசியை வைத்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. யாருக்காவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்கள் கதிரைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

எட்டாம் புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. நான் அவசரப்படப் போவதில்லை. இனி எல்லா அத்தியாயத்திலும் அந்த அம்மா வர வேண்டும். கதவுக்குள் போய் என்ன சொல்வாள், எங்கே கோபிப்பாள், எங்கே வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்பதையெல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். உங்களைப் போல எனக்குக் கற்பனை வராது. ஆனால் அவளை எனக்குத் தெரியும்.