எழுபத்தெட்டுச் சுற்று

நாவற்குடா,
மட்டக்களப்பு.
14.03.1969

அன்புத் தம்பி அல்பேட்டுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணில் புரை விழுந்தபின் எந்தக் கடிதமும் என் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போகிறது. பொறியியல் கல்லூரியை விட்டுவிட்டு மூன்று வெள்ளைக்காரப் பெடியன்களோடு கிற்றார் அடிக்கிறாய் என்ற இடத்தையும் விடாமல் வாசித்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்க கோயில்ல பாடுறானாமா?" "ஓம், கோயில்லதான்" என்றேன். உனக்காகச் சொன்ன முதற் பொய்.

அப்பா செத்த வருஷம் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நாலாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கப் போனவன் நான். நீ எதை மடித்து வைத்தாய்? தாடி வளர்க்கிறாயாம். குளிருக்கு நல்லது.

உன் அண்ணன்,
அழகரத்தினம்

பேர்மிங்ஹாம்
30.11.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஏசினாலும் உங்கள் கையெழுத்தைக் கண்டால் சந்தோஷம்தான். நாங்கள் வாசித்துப் பழகுவது எங்கள் குழுவில் இருக்கும் லென்னின் வீட்டு நிலக்கரி அறையில். லென் பகலில் இரும்புப் பட்டறையில் வேலை, பின்னேரம் ட்ரம்ஸ். இரண்டும் ஒரே அடி. இரண்டு தரம் பொலிஸ் வந்தது. மூன்றாம் தரம் வந்த பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இருந்து கேட்டார். தை மாதம் பதினொரு பேருக்கு முன்னால் வாசித்தோம். போன மாதம் கூட்டம் தாங்காமல் கதவைப் பூட்ட வேண்டி வந்தது.

மற்றக் குழுக்கள் ஓடுகின்றன. நாங்கள் பொதிமாடுபோல் நடக்கிறோம். ஒவ்வொரு அடியும் கேட்பவரின் நெஞ்சில் விழ வேண்டும். குழுவுக்குப் பெயர் தேடினார்கள். நம்முடைய கல்லடிப் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போது மதில்களில் 'கல்லடி' என்று ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் தம்பி,
அல்பேட்

நாவற்குடா
25.03.1970

அன்புத் தம்பிக்கு,

பாலத்தையும் கொண்டுபோய்விட்டாயா? வாவியையாவது விட்டுவை, மீன்காரருக்குத் தேவைப்படும்.

நாளை மறுநாள் பெரிய வெள்ளி. இந்த வருஷமும் என் புலம்பலைத்தான் பாடுகிறார்கள். 1954இல் நான் மெட்டுப்போட்டது. ஏழு வயதில் நீ முன்வரிசையில் நின்று பாடியது. பதினாறு வருஷமாக ஊரே அழுகிறது. யார் எழுதியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அழகரத்தினம்

பேர்மிங்ஹாம்
09.09.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

பொதியில் வருவது எங்கள் முதல் இசைத்தட்டு. இந்தக் கிழமை இங்கே விற்பனையில் ஒன்பதாம் இடத்தில் நிற்கிறது. பாண் வாங்கப் போன கடையில் என் குரல் கேட்டது, அண்ணன்!

அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். சத்தமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கோயிலில் பாடுகிறேன் என்று இனிச் சொல்லாதீர்கள். பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. டிசம்பரில் மூன்று கிழமை ஓய்வு, ஜனவரியில் அமெரிக்கா. கேட்டுவிட்டு அம்மா 'வா' என்று ஒரு சொல் சொன்னால் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் நிற்பேன்.

அல்பேட்

நாவற்குடா
17.10.1970

அன்புத் தம்பிக்கு,

கேட்டபடி செய்தேன். காத்தான்குடியில் கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் ஆதம்பாவாவின் கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினேன். பாதியில் காதைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டார். வீட்டுக்கு வந்தபின் சொன்னது: "இந்தக் குரலோட அவன் இஞ்ச வர வேணாம்." நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தட்டின் நடுவில் இருந்ததை நானும் வாசித்தேன். பாட்டும் மெட்டும் அல்பேட். அழகான எழுத்து.

அழகரத்தினம்

பேர்மிங்ஹாம்
05.12.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்ட நாளில் மேடையில் இரண்டு பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. லென் ட்ரம்ஸ் அடித்துச் சமாளித்தான். அம்மாவில் பிழையில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மெட்டு உங்களுடைய புலம்பல். இழுத்து, கீழே இறக்கி, அடையாளம் தெரியாமல் ஆக்கினேன். சொல்ல வெட்கமாக இருந்தது. கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்பில் உங்கள் பெயர் இருக்கும்.

இருபதாம் திகதி வரை இதே விலாசத்தில் இருப்பேன். விமான ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா மனம் மாறினால் ஒரு தந்தி அடியுங்கள். மன்னியுங்கள், அண்ணன்.

அல்பேட்

நாவற்குடா
20.03.1971

அல்பேட்,

அம்மா பெப்ரவரி ஒன்பதாம் திகதி போய்விட்டார். உன் அமெரிக்க விலாசம் என்னிடம் இல்லை. இருந்தாலும் அறிவித்திருப்பேனோ தெரியாது. நடந்ததை இப்போது சொல்கிறேன்.

ஆதம்பாவாவின் மெஷின் பழையது. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று ஒன்றுதான் அதற்குத் தெரியும். நாற்பத்தைந்தில் சுற்ற வேண்டிய உன் தட்டு அதில் பறந்தது. உன் தடித்த குரல் சிறுபிள்ளைக் குரலாய் வந்தது. நீ இழுத்து மறைத்த மெட்டு, நான் எழுதிய வேகத்துக்கே திரும்பி வந்தது. அம்மா கைதட்டினார்.

"இது நம்முட அழகன்ட பாட்டுத்தானே! என்ட சின்னவன் பாடுறான். அந்தப் பெரிய வெள்ளிக்குப் பாடின மாதிரியே பாடுறான்."

"என்ன மாஸ்டர், தம்பிக்கு இன்னும் மீச மொளைக்கல்லயா?" என்றார் ஆதம்பாவா.

"பகிடிய உட்டுட்டு இன்னொருக்காப் போடுங்க மகன்" என்றார் அம்மா.

பிறகு பங்குச் சுவாமி வீட்டில் இருக்கும் வேகம் மாற்றும் மெஷினில் நான் தனியே போட்டுக் கேட்டேன். களவை எப்படி மறைத்திருக்கிறாய் என்று விளங்கியது. அன்று பின்னேரம்தான் 'வர வேணாம்' என்ற அந்தக் கடிதத்தை எழுதினேன்.

சனிக்கிழமை தோறும் அம்மா காத்தான்குடிக்கு வெளிக்கிட்டார். அந்த இரும்பு ஊசி தட்டைத் தின்றுவிட்டது. தை மாதம் வெறும் இரைச்சல்.

"இதில ஒண்டுமில்லம்மா, தேஞ்சி போச்சு."

"இருக்கட்டும் மகன். எனக்குக் கேக்குது."

திரும்பும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "வாறன் எண்டு எழுதினானா மனே?" இல்லை என்பேன்.

உன் டிசம்பர்க் கடிதம் பதினாலாம் திகதி கிடைத்தது. தபாற் கந்தோருக்குப் போனேன். தந்திப் படிவம் எடுத்து உன் விலாசத்தையும் எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் போதும். எழுதவில்லை. படிவம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

அடுத்த பதிப்பில் சொன்னபடி பெயரைப் போடு. வெள்ளைக்காரர் எழுத்தை விழுங்குவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். முழுப் பெயராக வர வேண்டும்.

யோசேப்பு அழகரத்தினம்