மூன்றாவது தொப்பி

மார்ச் 4
என் சம்பந்தி இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லார் முன்னாலும், என் பேத்தியைக் கைகழுவினார்.

என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரே பிரசவத்தில் பிறந்துவிட்ட குழந்தைகள் மூன்று. கடைசிப் பெண்தான் ரொம்பச் சின்னது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவா, ரெண்டையாவது எங்களுக்குக் குடுத்துரு" என்கிறார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டுகிறார்கள். மருமகனும்தான்.

"மூணாவது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"சம்பந்தி, இது பிரார்த்தனை நேரம்."

"இதுக்குப் பேரு பிரார்த்தனையா?"

அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். பாஸ், பெயில் போட்டே பழகிய கை. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். பாதி வழியில் ஒருவரையும் இறக்கிவிட்டதில்லை.

மார்ச் 5
வாத்தியாரோடு பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 7
சம்பந்தியம்மா தொப்பி பின்னிக் கொண்டுவந்தார். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"நூல் தீர்ந்துபோச்சுண்ணே."

"நூலு தீர்ந்துச்சா, மனசு தீர்ந்துச்சா?"

பையோடு திருப்பிக் கொடுத்தேன். கட்டிலில் கிடந்த மகள் அழுதாள். "அப்பா, இருக்கற வேதனை போதாதா? நீங்க வேறயா?" ஆக, குற்றவாளி நான். இருக்கட்டும்.

மார்ச் 11
கடைக்குட்டி இன்று மூச்சுவிட மறந்துவிட்டாள். மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினாள். ஏதோ ஞாபகம் வந்தவள்போலக் குழந்தை மூச்சை இழுத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற நான் என்ன செய்ய? ஆண்டவனைத்தான் பிடித்தேன். மூணு அனுப்பினது யாரு? நாங்களா கேட்டோம்? அனுப்பினவன்தானே கரை சேர்க்கணும்? எனக்குக் கெஞ்ச வராது. இதுதான் என் பிரார்த்தனை. பிடிக்காவிட்டால் அவன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

மார்ச் 14
டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: குழந்தையைப் பெரியவர் ஒருவரின் வெறும் நெஞ்சில், தோலோடு தோலாகப் படுக்க வைத்தால் மூச்சு சீராகுமாம். மகளுக்குக் காய்ச்சல், உள்ளே விடமாட்டார்கள். அவளைப் பார்த்துக்கொள்ளும் சம்பந்தியம்மாவும் கூடாதாம். மூத்த இருவரையும் மாற்றி மாற்றிச் சுமப்பதற்கே மருமகனுக்கு நேரம் போதவில்லை.

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து இருமல்.

"ஐயா, நீங்க வேண்டாம்" என்றாள் நர்ஸ்.

"இது டீசல் புகை இருமல்மா. யாருக்கும் ஒட்டாது."

"இருந்தாலும் வேண்டாங்கய்யா. வேற யாரு இருக்காங்க?"

வேறு யார். என் மனைவி இருந்திருந்தால் — இல்லை. அந்த ஒரு ஆள்தான் மிச்சம்.

மார்ச் 15
வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"கிளம்புங்க. போய் அந்தப் புள்ளைய நெஞ்சுல வாங்கிக்கணும்."

மனிதர் வெளிறிப்போனார். "என் கை நடுங்கும் சம்பந்தி. என் நெஞ்சு மேலயே அதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அதான் அன்னிக்கே தலை முழுகிட்டீங்களே. இப்ப என்ன பயம்?"

"மூணையும் கேட்டா பேராசைன்னு ஆண்டவர் நெனச்சிடுவாரோன்னு பயந்தேன். அப்புறம் இருக்கறதும் போயிடுமேன்னு."

"ஆளுக்கு ரெண்டுன்னு அளந்து போட அவர் என்ன ரேஷன் கடையா வச்சிருக்காரு? எந்திரிங்கய்யா!"

எழுந்தார். பயத்தை மன்னிக்கலாம். அந்தச் சொல்லை மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 16
கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாத்தியாரின் நெஞ்சு முழுக்க நரைமுடி. அதற்குள் அவள், ஒரு கையளவு. அவர் அசையவே இல்லை; மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டியிருக்க மாட்டார். மெஷின் கத்தவில்லை. வாத்தியாரின் உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டா, மூன்றா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

மார்ச் 29
தினமும் போகிறார். வெளியே வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நர்ஸ் கேட்டாள்: "ரெண்டு தாத்தாவும் ஒரே பெஞ்சுல உக்காரலாமே?"

"பெஞ்சு சின்னதும்மா."

ஏப்ரல் 20
மூத்த இருவரும் வீடு வந்துவிட்டார்கள். நன்றி சொல்லிப் பிரார்த்தனை வைக்கலாமா என்று வாத்தியார் என் மகளிடம் கேட்டார். நான் வாசலிலிருந்தே கத்தினேன்: "இன்னும் ஒரு ஆள் ஏறல. அதுக்குள்ள விசில் குடுக்காதீங்க!"

மே 6
கடைக்குட்டி தானாகப் பால் குடித்தாள். முழுவதும்.

மே 9
மூன்று பேரும் வீட்டில். இனி நடக்க வேண்டியவை. இதில் வாதம் கிடையாது.

மகள்: தூங்க வேண்டும். கிடைத்த நேரமெல்லாம்.

மருமகன்: பார்க்க வரும் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். தன் சொந்தக்காரர்களையும் சேர்த்து.

சம்பந்தியம்மா: மூன்றாவது தொப்பி. சிவப்பு நூல் வாங்கி வைத்திருக்கிறேன். இனி அந்தச் சாக்கு செல்லாது.

நான்: துணி துவைப்பது, கடைக்குப் போவது. இருமல் நிற்கும்வரை குழந்தைகள் அறைக்குள் கால் வைப்பதில்லை.

வாத்தியார்: கடைக்குட்டி அந்த நெஞ்சில் படுத்தால்தான் தூங்குகிறாள். என்ன செய்வது. மதியம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வர வேண்டும், கையைக் கழுவிவிட்டு. பிரார்த்தனையையும் அவரே சொல்லட்டும். மூன்று என்று சொல்ல வேண்டும். வாசலில் இருக்கும் எனக்குக் கேட்க வேண்டும்.