எல்லா வரிக்கும் சரி

ஜனவரி 8

பல்லுக்காரிக்கு,

நலம். நீ? போனில் 'சாப்பிட்டியா'வைத் தாண்டுவதில்லை நாம். அதனால் தாள்.

ஸ்பானிஷ் வகுப்பில் எல்லாரும் வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ்கள். என்னை அண்ணா என்கிறார்கள். ஒருத்தி மட்டும் அங்கிள். லிப்ட் ரிப்பேர் முடித்து கிரீஸ் கையோடு போய் உட்கார்ந்தால் வேறென்ன சொல்வாள்.

'குஸ்தார்' என்றொரு வினை படுத்துகிறது. 'பிடிக்கும்' என்று அர்த்தமாம். 'நான் வீட்டை' என்று ஆரம்பித்தாலே டீச்சர் கை தட்டி நிறுத்துகிறார். ஏப்ரலில் பரீட்சை. பாஸானால்தான் அங்கே வந்து உன்னோடு சேர விசா. பயிற்சித் தாள் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் திருத்தி அனுப்பு. கருணை வேண்டாம்.

உன் லிப்ட்காரன்


பிப்ரவரி 2

லிப்ட்காரருக்கு,

கருணை காட்டவில்லை. தாளைப் பாருங்கள், ரத்தக்களரி.

இங்கிலீஷ் வழியாகப் போய் முட்டிக்கொள்கிறீர்கள். தமிழ் வழியாக வாருங்கள். 'எனக்கு வீடு பிடிக்குது.' அவர்களுக்கும் அப்படியேதான்: மே குஸ்தா லா காசா. பிடிக்கிறது ஒன்றுக்கு மேல் என்றால் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும், வினையில் ஒரு 'ன்' சேரும்: மே குஸ்தான் லாஸ் காசாஸ். அந்த 'ன்'னை விட்டுவிடாதீர்கள். மார்க் போகும்.

லேபில் பல் செய்து முடித்துத் திரும்பினால் நகமெல்லாம் மெழுகு. அறைக்கு ஒரே ஜன்னல். மேஜையை அதன் கீழே இழுத்துப் போட்டேன். எங்கே போடலாம் என்று யாரையும் கேட்கவில்லை. ஞாயிறு முழுக்கப் பேசாமல் இருந்தேன். நன்றாக இருந்தது.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

பல்லுக்காரி


மார்ச் 3

பல்லுக்காரிக்கு,

தமிழ் வழி பலித்தது. டீச்சரே தலையாட்டினார். இதோ அடுத்த தாள். எல்லாம் உன்னைப் பற்றி. உன் கைகள் எனக்குப் பிடிக்கும். உன் கடிதங்கள் எனக்குப் பிடிக்கும். இப்படி.

பேசாமல் இருந்தால் நன்றாக இருந்ததாமே. வந்ததும் சேர்த்துவைத்துப் பேசித் தீர்க்கிறேன். ஜன்னலை மறைக்காமல் பெரிய கட்டில் போட இடமிருக்கிறதா, அளந்து சொல்.

உன் லிப்ட்காரன்


மார்ச் 24

லிப்ட்காரருக்கு,

தாள் இணைப்பு. எல்லாம் சரி. பரீட்சையிலும் இப்படியே எழுதுங்கள்.

வேலை அதிகம். அளக்கவில்லை.

பல்லுக்காரி


ஏப்ரல் 19

பல்லுக்காரிக்கு,

பாஸ்.

நீ டிக் போட்ட தாளைப் பரீட்சைக்கு முன்னால் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பீற்றிக்கொண்டேன். என்னை அங்கிள் என்கிறவள் வாங்கிப் பார்த்தாள். "ஒரு வரியிலயும் 'ன்' இல்லையே அங்கிள். யாரு திருத்துனது?" தூக்கக் கலக்கத்தில் திருத்தியிருப்பாள் என்றேன். அவளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

தூக்கக் கலக்கம் இல்லை. டிக் ஒவ்வொன்றும் தாளின் மறுபக்கம் தடவினால் தட்டுப்படுகிறது. நம் கல்யாணப் பத்திரிகையிலேயே ஒற்றுப்பிழை பிடித்தவள் நீ.

டிக்கெட் எடுக்கவில்லை. வேறு யாராவதா என்று கேட்கமாட்டேன். நான் வரவா? அதை மட்டும் சொல்.

உன் லிப்ட்காரன்


மே 6

லிப்ட்காரருக்கு,

வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் சொல்வது சுலபம்.

அந்தத் தாளின் முதல் வரியிலேயே பேனா நின்றது. நீங்கள் தோற்றுவிட்டால் என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. டிக் போட்டேன். அடுத்ததற்கும். என் கைகளைப் பிடிக்கும் என்று எழுதியிருந்த வரிக்கும். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் கூசுகிறது.

நீங்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்திருந்தால் தேடிப் பிடித்திருப்பேன். இங்கே தனியாக இருக்கிறவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நீங்கள் வந்தால் அவள் போய்விடுவாள்.

வராதீங்க.

கோபமாக ஒரு கடிதம் போடுங்கள். போடமாட்டீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் எழுதுவீர்கள். அதை எப்படிப் படிப்பேன் என்று தெரியவில்லை.

நான்