வஹீபா வாங்காத சைக்கிள்

ஓரான்
செப்டம்பர் 1, ஞாயிறு

தாஹருக்கு ஸலாம்.

நலம்தானே? உனக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல உனக்கே எல்லாம் தெரியுமா?

சமாதான அமர்வில் நீதிபதி அம்மாள் சொன்னபடி எழுதுகிறேன். "நேர்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல சண்டை, போன்லயும் அதே கதை. கடைசி அமர்வு வரைக்கும் எழுதிக்குங்க, எழுதும்போதாவது ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர் பேசுவீங்க" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் சரிதான். அதனால்தான் உன் எண்ணைப் போனில் தடுத்தே வைத்திருக்கிறேன், மின்னஞ்சல் மட்டும்தான். கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நான் டிரையத்லான் போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறேன். முப்பத்தொன்பது வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நீ முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. கடலில் எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அக்டோபர் நான்காம் தேதி. நீந்துவேன், ஓடுவேன். சைக்கிள்தான் இல்லை.

பதினைந்து வருடம் ரேஸ் ஓட்டிவிட்டு இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆள் புருஷனாக இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் ஒரு நிபந்தனை. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சைக்கிள் என்று நான்தான் முடிவு செய்வேன். எனக்குத் தெரியாமல் நீ எதுவும் செய்யக் கூடாது.

ஏன் என்று உனக்குத் தெரியும். அல்ஜீரியாவின் இந்த மறுகோடியில் ஓரான் மருத்துவமனை வேலை எனக்கு முதல் தடவை வந்தபோதே, "அவளுக்கு விருப்பமில்லை" என்று என் மேலதிகாரியிடம் நீயாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். இரண்டு வருடம் கழித்து அதை அலுவலகக் கோப்பில் படித்தேன். என் வாழ்க்கையில் நடந்ததை நான் கோப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன், தாஹர்.

இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, கடைசி அமர்வு. அதுவரை இந்த ஒரு சைக்கிள் விஷயத்தில் நீ சொன்ன சொல்லைக் காப்பாற்று. விவாகரத்து மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: எனக்கு என்ன அளவு சைக்கிள் வேண்டும்?

வஹீபா


அன்னாபா
செப்டம்பர் 3, செவ்வாய்

அன்புள்ள வஹீபாவுக்கு,

முணுமுணுத்தது உண்மைதான். நிபந்தனைக்குச் சம்மதம். கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே இறுக்கிப் பிடி. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல். அதைப் புள்ளி அறுபத்தேழால் பெருக்கினால் வருவதுதான் உன் ஃபிரேம் அளவு. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம்.

"சீட்டை இறக்கிக்கலாம்மா" என்று பெரிய சைக்கிளை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சீட்டை இறக்கலாம், ஃபிரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது. கை எட்டாமல் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதை நீ கேட்கவில்லைதான். கை தானாக எழுதிவிட்டது, மன்னித்துக்கொள்.

முதுகு தேவலை. பயிற்சி செய்கிறேன். ரொட்டி மட்டும் நான் சுட்டால் செருப்பு மாதிரி வருகிறது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

உன்
தாஹர்


ஓரான்
செப்டம்பர் 8, ஞாயிறு

தாஹருக்கு,

அளந்தாகிவிட்டது. எழுபத்தாறு. பெருக்கினால் ஐம்பத்தொன்று. அளந்தவள் நசீமா, எங்கள் கிளப்பில் என்னோடு சேர்ந்தவள், பள்ளியில் கணக்கு டீச்சர், இரண்டு பிள்ளைகள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் காதல் கடிதத்துல தசமப் புள்ளியெல்லாம் வைக்கிறாரே" என்கிறாள். அவளும் சைக்கிள் தேடுகிறாள். என் உயரம்தான் அவளும்.

துறைமுகத்துப் பக்கம் பெல்காசெம் கடைக்குப் போனோம். உன்னோடு ரேஸ் ஓட்டியவர்தானே? பிரான்ஸிலிருந்து மார்செய் கப்பலில் வரும் பழைய சைக்கிள்களை வாங்கி விற்கிறார். உன் பெயரை நான் எடுக்கவே இல்லை. அன்னாபா என்றதும், "நம்ம தாஹர் வீட்டுக்காரியா?" என்று அவரே பிடித்துவிட்டார். காபி வந்தது, உன் பழைய பொய்யெல்லாம் வெளியே வந்தது. கான்ஸ்டன்டீன் ரேஸில் நீ இரண்டாவது வரவில்லையாமே, ஆறாவதாம்.

இரண்டாவது கேள்வி. முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி, முன்னால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சைக்கிளைக் காட்டி, "டிரையத்லான்னா இதாம்மா" என்கிறார். அதா, சாதாரண ரேஸ் சைக்கிளா?

வஹீபா


அன்னாபா
செப்டம்பர் 9, திங்கள்

வஹீபாவுக்கு,

ரேஸ் சைக்கிள். கொம்பைப் பிடித்துப் படுத்திருக்கும்போது பிரேக் உன் கையில் இருக்காது. நேரான சாலையில் ஓடிப் பழகியவர்களுக்கு அது. உங்கள் ஊர் வளைவுகளில் புதிதாக ஓட்டுபவளுக்குப் பிரேக் எப்போதும் விரலடியில் இருக்க வேண்டும். பின்னால் ஆசை வந்தால் கொம்பைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவது. பெல்காசெமுக்கு எண்ணத் தெரியாது.

தாஹர்


ஓரான்
செப்டம்பர் 14, சனி

தாஹருக்கு,

கிடைத்துவிட்டது.

சாம்பலும் நீலமும் கலந்த நிறம். முழுக்கக் கார்பன். இரண்டு விரலில் தூக்கிவிடலாம். ஐம்பத்தொன்று. கடற்கரைச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், மினிபஸ்காரன் ஒருவன் பக்கத்திலேயே வந்துகொண்டு "மாமி, வீட்ல அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அவனை முந்திவிட்டேன். சிக்னலில்தான், ஆனாலும் முந்தினேன். இறங்க மனசே வரவில்லை. எனக்கு வேண்டியது இதுதான் என்று யாரும் சொல்லாமல் எனக்கே தெரிந்தது. நசீமாவுக்கும் அதன்மேல் கண். நான்தான் முதலில் பார்த்தேன் என்று சொல்லிவைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வாங்கப்போகிறேன்.

நாலு பக்கமும் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பெருமைக்காக மட்டும். கேள்வி ஒன்றே ஒன்று: செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் பல் ஐம்பது, முப்பத்து நாலு. பின்னால் பெரியது இருபத்தெட்டு. முர்ஜாஜோ மலை ஏற இது போதுமா? வேறு எதுவும் சொல்லாதே, தாஹர். தயவு செய்து.

வஹீபா


அன்னாபா
செப்டம்பர் 15, ஞாயிறு

வஹீபாவுக்கு,

பல் போதும். மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடலாம்.

படங்களைப் பார்த்தேன். நல்ல நிறம். செவ்வாய்க்கிழமையே வாங்க வேண்டுமா? நாலு நாள் பொறுத்தால் வேறு ஏதாவது வரலாம். சும்மா தோன்றியது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாஹர்


ஓரான்
செப்டம்பர் 19, வியாழன், மதியம்

தாஹருக்கு,

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். "வித்துப்போச்சும்மா, விடுங்க" என்றார் பெல்காசெம். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு செயினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். காபி வரவில்லை.

நேற்று மாலை பயிற்சிக்கு நசீமா அதே சைக்கிளில் வந்து இறங்கினாள். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அக்கா, உங்களுக்கு வேணாமாமே? விருப்பமில்லைன்னு சொல்லிட்டீங்கன்னு பெல்காசெம்தானே சொன்னார்? இல்லைன்னா நான் தொட்டிருப்பேனா?"

விருப்பமில்லை. இந்த வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை படித்திருக்கிறேன்.

நேற்று இரவு முழுக்க உன் பக்கம் நின்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்காசெம் வியாபாரி, யார் முதலில் பணத்தை நீட்டினார்களோ அவர்களுக்குக் கொடுத்திருப்பார், தாஹர் இதில் எங்கே வந்தான் என்று. அதை நான் நம்பத்தான் ஆசைப்படுகிறேன். அதனால் நேராகவே கேட்கிறேன். நீ அவருக்குப் போன் செய்தாயா?

ஆமாம், இல்லை. ஒரு வார்த்தை போதும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு எல்லோரும் முர்ஜாஜோ ஏறி இறங்குகிறோம். நசீமா அந்தச் சைக்கிளில். நான் கிளப்பின் பழைய வண்டியில்.

வஹீபா


அன்னாபா
செப்டம்பர் 19, வியாழன், மாலை நாலு மணி

வஹீபா,

இதைப் படித்த உடனே நசீமாவைக் கூப்பிடு. அந்தச் சைக்கிளில் மலை இறங்கக் கூடாது. ஏறவே கூடாது. மீதியைப் பிறகு படி.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல்பக்கம், இடது காலில், பிரேக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. உன் மூன்றாவது படத்தில் தெரிகிறது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் பளபளப்பு அதிகம். யாரோ விழுந்த வண்டி, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். ஒரு காசால் ஃபோர்க்கை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வரச் சொல். நல்ல கார்பன் கணீரென்று கேட்கும். விரிசல் உள்ள இடத்தில் சத்தம் செத்துப்போகும். கார்பன் வளையாது, ஒரேயடியாக ஒடியும். வளைவில் பிரேக் பிடிக்கும்போது ஒடிந்தால் ஆள் முகம் குப்புற விழுவாள்.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்த்ததுமே அந்தக் கோடு கண்ணில் பட்டுவிட்டது. வேறு எதுவும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொன்னால் நிபந்தனையை மீறியதாக ஆகும், இருபத்து நான்காம் தேதி கைவிட்டுப் போகும் என்று பயந்தேன். சொல்லாமல் பெல்காசெமுக்குப் போன் செய்தேன். "அது வெறும் கீறல்டா, நீ ஏன் உயிரை விடுற" என்றான். நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன்: "அவளுக்கு விருப்பமில்லைன்னு சொல்லிடு. வேற யாருக்கு வேணா வித்துக்கோ, என் பொண்டாட்டிக்கு மட்டும் விக்காதே."

வேறு யாருக்கு வேண்டுமானாலும் என்றேன். அந்த வேறு யாருக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

பக்கத்துக் கடைக்காரன் போனிலிருந்து ஒன்பது தடவை உன்னைக் கூப்பிட்டேன். தெரியாத எண்ணை நீ எடுக்க மாட்டாய், அதிலிருந்து வரும் செய்தியையும் திறக்க மாட்டாய். மருத்துவமனைக்குக் கூப்பிட்டேன், "புருஷன் பெண்டாட்டி விவகாரத்துக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது" என்று வைத்துவிட்டார்கள். பெல்காசெமிடம் நசீமாவின் எண் இல்லை, கடையை மூடிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். உன்னை விட்டால் அவளுக்குச் சொல்ல எனக்கு வேறு வழியில்லை.

இப்போதுதான் படத்தைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கலாம். அப்படித்தான் முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன்.

படித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

தாஹர்


ஓரான்
செப்டம்பர் 21, சனி

தாஹருக்கு ஸலாம்.

முதலில், நசீமா நன்றாக இருக்கிறாள். அந்த ஒரு வரியை நேற்றே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை.

வியாழன் மதியத்துக்குப் பிறகு இரவு வரை வேலை, மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். நசீமாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. புது வண்டி ஆசையில் எல்லோருக்கும் முன்னாலேயே தனியாக மலை ஏறிவிட்டாள் என்று கிளப்பில் சொன்னார்கள். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆள் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். சாந்தா குரூஸ் கோட்டைக்குக் கீழே சுவரில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நீங்க கார்ல வந்தா கணக்குல சேராது" என்றாள். இறங்குவதற்காகத் தலைக்கவசத்தை மாட்டத்தான் கையில் எடுத்திருந்தாள்.

காசால் தட்டினோம். நீ சொன்ன இடத்தில் சத்தம் செத்தது. கிளப்பின் மெக்கானிக் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தார். விரிசல் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. நசீமா அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். "எனக்கு விக்கலாம்னு யார்க்கா முடிவு பண்ணாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன். மறைக்கவில்லை. பெல்காசெமை அவள் பார்த்துக்கொள்வாள், பாவம் அந்த மனுஷன்.

நேற்று மாலையே நான் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டேன். அலுமினியம், ஐம்பத்தொன்று, இஞ்சி மிட்டாய் நிறத்தில் பார்க்கவே சகிக்காது. கடை முழுக்க எல்லோரும் பார்க்க அதைக் காசால் தட்டினேன். "அலுமினியத்தைத் தட்டிப் பிரயோசனம் இல்லம்மா" என்று கடைக்காரர் சொன்னார். எனக்குத் தெரியும், இருந்தாலும் தட்டினேன்.

தாஹர், செவ்வாய்க்கிழமை நீதிபதி கேட்கும்போது சமாதானம் ஆகவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். கோபத்தில் சொல்லவில்லை. நேற்று இரவு முழுக்க அழுதுவிட்டுச் சொல்கிறேன். நீ நிபந்தனையை மீறியதற்காகவும் இல்லை. "ஃபோர்க்கில் கோடு, வாங்காதே" என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? மீறிவிட்டாய் என்று சண்டை போட்டிருப்பேன், பிறகு உனக்கு நன்றி சொல்லியிருப்பேன், இந்தச் செவ்வாய்க்கிழமை நாம் இரண்டு பேரும் ஒரே காரில் வீட்டுக்குப் போயிருப்போம். நீ சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்ல மாட்டாய். என்னைச் சுற்றி இருப்பவர்களிடம் சொல்லி, கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்வாய்.

அழித்துவிட்டு உண்மையை எழுதினாய் என்பதை நான் மறக்க மாட்டேன். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நீ முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு ஒரே மதியத்தில் அதைச் செய்துவிட்டாய். எனக்குச் செய்யப் பதினொரு வருடம் உனக்குப் போதவில்லை.

வஹீபா