கையைக் கட்டி நிற்கும் வேலை

3-9-84, திங்கள்

இன்று மில்லில் மானம் போனது. புதிதாக வந்த, நூல் சுற்றும் வைண்டிங் மிஷினில் நூல் அறுந்தால் அதுவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னார்கள், என் கைக்கு யாரும் சொல்லவில்லை. நூல் அறுந்ததும் பதினேழு வருசப் பழக்கத்தில் விரல் தானாகப் போய்விட்டது. மிஷின் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, ஒரே அலறல். பக்கத்து டிப்பார்ட்மெண்ட் ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் வெள்ளைத்துரை சின்ன வயசுக்காரர். "அண்ணே, கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. செவப்பு எரிஞ்சா மட்டும் போங்க. அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

எட்டாம் வகுப்பில் வாத்தியாரும் கையைக் கட்டி நிற்கத்தான் சொன்னார். அவர் சம்பளம் தரவில்லை.

5-9-84

சிரிக்கிற விசயம் இல்லை போலிருக்கிறது. இந்த மாசக் கடைசியில் பழைய மிஷினைக் கழற்றுகிறார்கள். எங்கள் ஷிப்டில் அதில் நிற்பது நானும் பீர் முகமதுவும். புதுசுக்கு ஒரு ஆள் போதுமாம். இரண்டு பேரும் மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருவனுக்கு வேலை, மற்றவன் கணக்கு முடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் மில்லில் சேர்ந்த நாள் முதல் பக்கத்து மிஷினில் நிற்கிறவன் பீர். "ஒரே பொண்ணைப் பாக்க ரெண்டு மாப்பிள்ளையக் கூட்டியாந்துட்டாய்ங்க, பாத்தியா மாப்ள" என்றான். சிரித்தேன். மகள் ஜெயக்கொடியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது இந்த வருசம்தான். இப்போது போய் வேலை போனால்?

9-9-84, ஞாயிறு

என் வீட்டுக்காரி முத்துத்தாய் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. நான் கையை நீட்டினேன். மர ஸ்கேலால் விரலில் ஒரு போடு போட்டாள்.

"இங்கனயே உக்காருங்க. நான் அத்து அத்து விடுறேன். கை வந்துச்சு, அடிதான்."

காலையிலிருந்து இதே பாடு. ஜெயக்கொடிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சும்மா இருக்கிறதுக்கு டியூசன் போற மொத ஆளு நீங்கதாம்ப்பா" என்கிறாள். பெற்ற மகள்.

13-9-84

இன்று அடி குறைவு.

20-9-84

பீர் பாறை மாதிரி நிற்கிறான். நூல் அறுந்தால் கண்கூட அசைவதில்லை. நான் மஞ்சள் விளக்குக்கெல்லாம் ஓடுகிறேன். "மஞ்சளுக்கு ஓடாத மாப்ள, அது சும்மா மொனங்கும். செவப்புக்கு மட்டும் போ" என்று அவன்தான் சொல்லித்தருகிறான். எதிராளிக்கு யாராவது பாடம் எடுப்பார்களா?

வேலை அவனுக்குத்தான் என்று வெள்ளைத்துரை வாய்விட்டே சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னேன். "பீரண்ணன் நல்லாருக்கட்டும்" என்றாள் முத்துத்தாய். அப்புறம் ரொம்ப நேரம் அவள் தையல் மிஷினை மிதிக்கவே இல்லை.

29-9-84, சனி

முதலில் நான். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். நூல் அறுந்தது, மிஷினே முடிச்சுப் போட்டது, ஓடியது. மேனேஜர் தலையாட்டினார்.

அடுத்தது பீர். வழக்கம்போல் அசையாமல் நின்றான். ஒரு நூல் அறுந்தது. அவன் கை போனது. என் கை மாதிரிப் பதறிப் போகவில்லை, மெதுவாகப் போனது. மிஷின் அலறி நின்றது.

"பழைய கை சார், சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தான்.

வேலை எனக்கு. வீட்டில் பாயசம் வைத்தார்கள். என் டம்ளரை ஜெயக்கொடி பக்கம் தள்ளினேன். இந்த மாசம் முழுக்கக் கேட்ட கை இன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

14-10-84, ஞாயிறு

காளவாசலில் பீரின் மச்சான் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பீர் இப்போது அங்கேதான். கை முழுக்கக் கிரீசோடு எழுந்து வந்தான்.

"வா மாப்ள. பிள்ள ஒழுங்கா காலேஜுக்குப் போகுதா?"

முதல் கேள்வியே அதுதான். போகிறாள் என்றேன். "அப்புறம் என்ன" என்று டீ சொன்னான். வெள்ளைத்துரை மாதிரி நடந்து காட்டிச் சிரிக்க வைத்தான். முன்னைக்கு மெலிந்திருக்கிறான். வீட்டில் பெண்டாட்டி சைனப் ஏசுகிறதாம், சட்டையில் கிரீஸ் போகவில்லை என்று.

"வேணும்னுதானடா அன்னைக்குக் கைய விட்ட?" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஆமாம் என்றால் தாங்க மாட்டேன்.

சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்தேன்.