ஒரு கண்ணை மட்டும் முடித்துக்கொண்டு வந்த அப்பா

தைபோரோன்,
அக்டோபர், ஞாயிறு மாலை

என் செல்ல மகள் தூராவுக்கு,

வெலிங்டனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து இப்படித்தான். ஏலக் கூடத்தில் மீன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், வாங்க வந்தவன் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. போனில் நான் வாயைத் திறந்தாலே "எல்லாம் தெரியும்ப்பா, ஆஸ்பத்திரி வீடியோ பாத்துட்டேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் எடுத்து இன்றே அனுப்பிவிடுவாள், தயவுசெய்து கடைசிவரை படி.

எனக்கு நடந்ததை அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன். எத்தனை வருடமாக நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பந்தாட்ட நடுவராக ஓடுகிறேன் என்று உனக்கே தெரியும். நம் ஊர் மழையில் அரை மணி நேரத்தில் எல்லாம் மங்கிவிடும், வெளியிலிருந்து எவனாவது "யோவ் ரெஃபரி, இன்னொரு கண்ணாடி வாங்கித் தரட்டுமா?" என்று கத்துவான். கான்டாக்ட் லென்ஸ் எனக்கு ஒத்துவராது, விரல் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தாலே முகம் தானாகப் பின்னால் போய்விடும். அப்படிப்பட்டவன் லேசருக்குத் துணிந்தேன் பார். ஓர்ஹூஸ் நகரத்தில் டாக்டர் வின்தர் என்ற அம்மாள், நிதானமானவர், எல்லா அளவும் இரண்டு தடவை எடுத்தார். முதல் கண்ணில் வலி இல்லை, அதை உனக்குச் சத்தியமாகச் சொல்லலாம். மரத்துப் போக சொட்டு மருந்து விட்டார்கள், இமை மூடாமலிருக்க சின்னக் கவ்வி ஒன்றை மாட்டினார்கள், அது கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். அடுத்து ஒரு வளையத்தை விழி மேல் வைத்து அழுத்தினார்கள் தூரா, அப்போது கண் திறந்திருக்கும்போதே எல்லாம் கறுத்துப் போனது. விளக்கை அணைத்த மாதிரி இல்லை, விளக்கு என்ற ஒன்றே இல்லாத மாதிரி. சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடியில், இனி என் ஆயுளுக்கும் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகு மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி வந்தது, அதையே பார்க்கச் சொன்னார்கள், டக் டக்கென்று மெஷின் சத்தம், முடி கருகுவது போல ஒரு வாடை. அந்த வாடை என் கண்ணிலிருந்து வருகிறது என்று நினைத்ததும் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. "ரொம்ப நல்லா பண்ணீங்க, இப்ப இடது கண்ணு" என்று டாக்டர் சொன்னார். நான் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணு போதும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் வாசல்வரை வந்து, "கட்டாயப்படுத்த முடியாது, ஆனா ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா இருந்தா ரொம்பக் கஷ்டப்படுவீங்க, எப்ப வேணாலும் திரும்பி வாங்க" என்றார்.

காரை அம்மாதான் ஓட்டினாள். விபோர்க் ஊரைத் தாண்டியதும், "பாதி ஆட்டத்துல மைதானத்த விட்டு ஓடுன ரெஃபரிய இப்பத்தான்யா பாக்குறேன்" என்றாள். நான் எரியும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கண்ணுக்குக் கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரிகிறது, மற்றதற்குத் தட்டில் இருக்கும் ஹெரிங் மீனின் முள் மட்டும்தான் தெரிகிறது. பழைய கண்ணாடியில் ஒரு சில்லைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன், தலைவலியில் வாந்தியே வந்தது. காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன், படி இருக்கிறது என்று காலை வைத்தால் படி இல்லை. அப்படியும் பிடிவாதமாக ஒரு சிறுவர் ஆட்டத்துக்கு நடுவராகப் போனேன். பந்து வந்த தூரம் பிடிபடாமல் பின்னால் நகர்ந்தவன், ஒரு பொடியன் மேல் விழுந்தேன், அவன் மணிக்கட்டு பிசகிவிட்டது. அவன் அழவில்லை, அவனுடைய அம்மாதான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மைதானத்தில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன், எதுவும் அப்படி உறைக்கவில்லை. அங்கிருந்தே டாக்டர் வின்தருக்குப் போன் செய்தேன்.

இரண்டாம் தடவையும் பயம் குறையவில்லை மகளே, அதை மறைக்க மாட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். "போன தடவையும் சொன்னேனே, நீங்கதான் பயத்துல விடாம பேசிக்கிட்டே இருந்தீங்க" என்று சிரித்தார். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். "இப்ப இருட்டும்" என்றார், இருட்டியது. "இப்ப வெளிச்சம் வரும்" என்றார், வந்தது. நர்ஸ் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். வீட்டுக்கு வந்தபின் சாயங்காலம்வரை வெங்காயம் நறுக்கியது போல எரிச்சல், கண்ணீர் தாரை தாரையாக. திரையை இழுத்துவிட்டுத் தூங்கினேன், அதுதான் மருந்து. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் தூரத்துக் காற்றாலைகளின் இறக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றுகிறது. நான் அழுதேன், சொட்டு மருந்து வீணாகிறது என்று அம்மா திட்டினாள். ஆனால் எல்லாம் தேன் இல்லை. இரவில் விளக்குகளைச் சுற்றி இன்னும் வளையம் தெரிகிறது, மின்விளக்கு ஆட்டங்களை இந்த வருடம் விட்டுவிட்டேன். காலையில் கண் மணல் விழுந்த மாதிரி காய்ந்திருக்கிறது. கிட்டத்தில் உள்ளதைப் படிக்க, என் வயதுக்கு, இதோ இப்போதுகூட வேறு கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது உன் விஷயம். நீ சொன்னதில் ஒன்றுதான் என்னைத் தூங்க விடவில்லை. முதலில் போன இடத்து டாக்டர், லென்ஸைக் கழற்றி இரண்டு வாரம் விட்டுவிட்டு வா, கருவிழியை மறுபடி அளக்க வேண்டும் என்றார், நீ பொறுமையில்லாமல் அதெல்லாம் தேவையில்லை என்று சொன்ன வேறு இடத்தில் நாள் வாங்கிவிட்டாய். தூரா, லென்ஸ் போட்ட விழி தன் வடிவத்துக்குத் திரும்ப நாளாகும், அதற்குமுன் எடுத்த அளவு சரியான அளவே இல்லை. கருவிழி மெலிந்த ஆளாக இருந்தால் செய்யவே கூடாது என்று டாக்டர் வின்தர் என்னிடம் விரலை ஆட்டிச் சொன்னார். நீயோ சின்ன வயதிலிருந்து கண்ணைக் கசக்குகிறவள், கசக்கக் கசக்கக் கருவிழி மெலியுமாம். காத்திரு என்று சொன்னவரிடமே போ. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், கண்ணாடியோடு நீ அழகாகத்தான் இருக்கிறாய். செய்தால், மறுநாளே வழக்கம்போலப் படகில் ஏறுவேன் என்ற பேச்சு கூடாது, கடல் தண்ணீர் ஒரு துளி படக்கூடாது. தனியாகப் போய் பஸ்ஸில் திரும்பி வருவேன் என்றாயே, அதையும் மற.

ஏனென்றால் நான் வருகிறேன். ஏலக் கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன், அடுத்த செவ்வாய் இரவு இறங்குகிறேன். புதன்கிழமை அந்த முதல் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போவோம். வியாழக்கிழமை சிகிச்சையை ரத்து செய்தால் சந்தோஷம், இல்லையென்றால் உன்னோடு வாசலில் நின்று சண்டை போடுவேன். வராதே என்று போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

நீ நூறு வருடம் தெளிவாகப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இதைப் படித்த கையோடு லென்ஸைக் கழற்றி டப்பாவில் போடு, மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா கெல்ட்

அம்மா தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். "அந்த ரூமுக்குள்ள யாரு யாரோட கையப் பிடிச்சுக்கப் போறாங்கன்னு அவளையே முடிவு பண்ணச் சொல்லு" என்கிறாள்.